கையெழுத்து வேண்டாத பயணம்

மணிக்கு ஒரு முறை வானொலியில் செய்தி வரும். அதற்கு முன்னால் ஆறு முறை பீப் என்று ஒலிக்கும். முதல் பீப்பிலேயே ஜோர்ஜெட் குழாயை மூடிவிடுவாள். கையில் எந்தப் பாத்திரம் இருந்தாலும், முழங்கை வரை நுரை இருந்தாலும், மூடிவிட்டு அப்படியே நிற்பாள். முதல் இரண்டு செய்திகள் முடிந்து, விலைவாசி, அமைச்சர் என்று பேச்சு மாறியதும் திறப்பாள். எங்கள் ஊரான ஹட்சோரின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. இப்போது முப்பத்தெட்டு. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் குழாயை மூட மறந்து நான் பார்த்ததில்லை.

காரணத்தை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும்.

அவளுடைய மூத்த மகன் அவ்னர். அவன் இருந்த வரை அந்த வீட்டுக்கு அவன் ஒரே பிள்ளை. எங்கள் நாட்டில் பதினெட்டு ஆனால் ராணுவத்துக்குப் போயாக வேண்டும்; ஆனால் ஒரே பிள்ளையைச் சண்டை போடும் படையில் சேர்க்க வேண்டுமானால் பெற்றவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கிடங்கு, அலுவலகம் என்று எங்காவது உட்கார வைப்பார்கள். அவ்னர் மூன்று வாரம் கெஞ்சினான். பலிக்கவில்லை என்றதும் சாப்பாட்டை நிறுத்தினான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மீன் கழுவிய கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஜோர்ஜெட் கையெழுத்துப் போட்டாள். எட்டு மாதம் கழித்து லெபனானில் அவன் போன வண்டி வெடித்தது. சேதி சொல்லச் சீருடையில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அவள் கணவர் எஹெஸ்கேலும் அதே தாளில் கையெழுத்துப் போட்டவர்தான். அதை அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. "நான் போட்டேன்" என்பாள். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. கடைசி வரை அவளோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறு வருடம், அவளுடைய முப்பத்தொன்பதாவது வயதில், ஓஷ்ரி பிறந்தான்.

அவனுக்குப் பதினெட்டு ஆனபோது அதே தாள் மறுபடியும் வந்தது. அண்ணனைப் பறிகொடுத்த தம்பிக்கும் அந்தத் தாள் உண்டு. இரண்டு மாதம் அது குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்தது. பிறகு மேசை விரிப்புகள் இருக்கும் இழுப்பறைக்குப் போனது. ஓஷ்ரி ஒரே ஒரு முறை கேட்டான்.

"போடறியாம்மா?"

"என் கை வராது, கண்ணு."

அவன் கெஞ்சவில்லை. சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. பாலைவனத்தில் ஒரு கிடங்கில் மூன்று வருடம் போர்வைகளை எண்ணி அடுக்கினான். அவனுக்குக் கோபம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் எதிர்க் கட்டடத்தில் குடியிருப்பவள். ஜன்னலில் நிற்கிற பழக்கம் உள்ளவள். சனிக்கிழமை மாலைகளில் அவன் நண்பர்கள் கீழே நின்று அவரவர் படைக் கதைகளைச் சொல்வார்கள். ஓஷ்ரி அப்போதெல்லாம் குனிந்து தன் காலணியின் கயிற்றை அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடியும் அவிழ்ப்பான்.

போன நவம்பரில் அவன் சீருடையைத் திருப்பிக் கொடுத்தான். அன்று செய்தி நேரத்தில் ஜோர்ஜெட்டின் கை குழாய் வரை போய் ஒரு நொடி தயங்கியது. இனி இது தேவையா என்று அந்தக் கை யோசித்தது போல இருந்தது. பிறகு மூடினாள்.

நல்லதாயிற்று. ஏனென்றால் அதற்கு மறுநாளே ஊர் கேட்க ஆரம்பித்துவிட்டது: தெற்கா, கிழக்கா?

ராணுவம் முடித்த பிள்ளைகள் அரை வருடம் எங்காவது வேலை பார்ப்பார்கள். பிறகு தங்களைவிடப் பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விடுவார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சிலர் ஒரு வருடம். போவார்களா என்று யாரும் கேட்பதில்லை. தெற்கு என்றால் தென் அமெரிக்கா, கிழக்கு என்றால் இந்தியா, நேபாளம், அதற்கும் அப்பால். ஓஷ்ரி நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தான். வண்டிக்குப் பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்கள். அவன் சிரித்து, "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவான்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் மக்லூஃப், கேட்பதோடு நிற்பவர் இல்லை.

"மகாராணி, பையன் எங்க போறான்? தெற்கா, கிழக்கா?"

"வீட்டுக்குப் போறான். வேலை முடிஞ்சதும்."

"அது சரி. அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடுவான்."

"என் அண்ணன் பொண்ணு இந்தியாவுல எட்டு மாசம் இருந்தா. திரும்பி வரும்போது மூக்குல வளையம், தலையில பேன், கையில ஒரு புல்லாங்குழல். வேற ஒண்ணும் ஆகல அவளுக்கு."

"புல்லாங்குழல் வாசிக்கத் தெரியுமா?"

"அதான் சொல்றேன். ஆபத்தெல்லாம் எங்களுக்குத்தான்."

ஜோர்ஜெட் சிரித்தாள். ஆனால் அன்று அவள் உரித்த வெங்காயம் எல்லாம் பாதியாகச் சிறுத்துப் போயிருந்தது. உரிக்க உரிக்க நிறுத்தத் தெரியாமல் உரித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் மக்லூஃப் தன் மகளின் பள்ளிக்கூட உலகப் படத்தைக் கொண்டுவந்து சாமான் அறைக் கதவில் ஒட்டினார். "உலகம் பூரா இருக்கு, பாரு. எந்த ஊர்ல யாரும் சாகறதில்லையோ அந்த ஊருக்கு அனுப்பு" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. யாரிடம் சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது போலும். ஜோர்ஜெட் வருத்தப்படவில்லை. அவர் வேடிக்கையாகச் சொன்னதை அவள் வேலையாக எடுத்துக்கொண்டாள்.

தட்டுகளில் பெயர் எழுத வைத்திருக்கும் கறுப்புப் பேனாவை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். செய்தியில் நிலநடுக்கம் என்றால் படத்தில் அந்த நாட்டின் மேல் ஒரு கோடு. பஸ் கவிழ்ந்தது என்றால் ஒரு கோடு. காய்ச்சல், புயல், கலவரம், எல்லாவற்றுக்கும் கோடு. அது போதாதென்று சாப்பாட்டுக் கூடத்தில் கிழவர்களிடமும் விசாரித்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாட்டிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்களிடம் போய் உன் நாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

"அர்ஜென்டினாவா?" என்றார் பல் இல்லாத பெர்னார்டோ. "என் தம்பியைக் கார்ல ஏத்திட்டுப் போனாங்க. இன்னும் கொண்டுவந்து விடல. பையனை அங்க அனுப்பாத."

"அது முப்பது வருஷம் முன்னாடி இல்லையா?" என்றேன் நான், மெதுவாக.

"கார் அதே கார்தான்" என்றார் அவர்.

பாரசீகத்திலிருந்து வந்தவர், ருமேனியாவிலிருந்து வந்தவர், ஏமனிலிருந்து நடந்தே வந்த கிழவி, எல்லாரும் ஆளுக்கொரு நாட்டை அடித்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஜோர்ஜெட் காலித் தட்டுகளோடு வந்து கதவில் கோடு போட்டாள். பாஸ்கா பண்டிகைக்கு நாங்கள் சமையலறையைக் கழுவித் துடைத்தபோது உலகத்தில் பாதி கறுத்துவிட்டது.

பண்டிகை முடிந்த வாரம், பக்கத்து ஊரான ரோஷ் பின்னாவில், ஊர்க் கூடத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. பயணம் போய் வந்த பிள்ளைகள் படம் காட்டிப் பேசுவார்கள். போகப் போகிற பிள்ளைகள் கேட்பார்கள். ஜோர்ஜெட் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தலையில் துணியை இறுக்கிக் கட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அறுபத்தொரு வயதில் அவளும், முப்பத்தெட்டில் நானும். மற்றவர்கள் எல்லாம் இருபத்திரண்டு.

மூக்கு வெயிலில் உரிந்த ஒரு பெண் பொலிவியாவைப் பற்றிப் பேசினாள். திரையில் முதலில் ஒரு மலைப்பாதை வந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததின் விளிம்பில் ஒரு பஸ். ஜோர்ஜெட்டின் கை என் முழங்கையைப் பற்றியது. அடுத்து வேறொரு படம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை உப்பு, அதன் மேல் கணுக்கால் அளவு தண்ணீர், தண்ணீருக்குள் வானம். அதன் நடுவில் ஒரு பையன் தனியாக நின்றான். மேகத்தின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் முன்னால் நாலு வரிசை தள்ளி ஓஷ்ரியைப் பார்த்தேன். நாங்கள் வருவது அவனுக்குத் தெரியாது; அவன் வருவது எங்களுக்கும் தெரியாது. அவன் முழங்காலில் கையூன்றி முன்னால் சாய்ந்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவனை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"கேள்வி இருந்தா கேளுங்க" என்றாள் அந்தப் பெண்.

ஜோர்ஜெட் கையைத் தூக்கினாள். "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"எங்கேருந்து?"

"அந்தப் பையன் நிக்கறானே, அங்கேருந்து."

"பஸ்ல ஒரு பதினெட்டு மணி நேரம். மழை பெய்யலேன்னா."

"பெஞ்சா?"

"பெஞ்சா, உடம்பு சரியில்லாம போகக் கூடாது" என்றாள் அந்தப் பெண். கூடமே சிரித்தது. ஓஷ்ரி மட்டும் திரும்பிப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது எனக்குத் தெரிந்தது.

எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாதி வழியில், பாதையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இதுக்குக் கையெழுத்து வேண்டாம்மா. தெரியுமில்ல? நாளைக்கே நான் விமானம் ஏறலாம்."

"தெரியும்."

"ஆனா ஏற மாட்டேன். அந்தக் கதவுப் படத்துல நீ விரல் வெச்சு, இங்க போன்னு சொல்லணும். அந்த இடத்துக்குப் போறேன். எந்த இடமானாலும் சரி."

"வைக்கலேன்னா?"

"வைக்கலேன்னா பெட்ரோல் பங்க்தான். உன் பக்கத்துலயே இருப்பேன். அறுபது வயசு வரைக்கும்."

மிரட்டுகிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. கடையில் ரொட்டி இருக்கிறது, பால் இல்லை என்று சொல்வது போலச் சொன்னான். பின் இருக்கையில் எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவன் செய்துவிடுவான். மூன்று வருடம் போர்வை எண்ணியவன்.

வீட்டு வாசலில் ஜோர்ஜெட் முதலில் இறங்கிப் படியேறினாள். நானும் இறங்கப் போனேன். ஓஷ்ரி சொன்னான், "ஒரு தடவையாவது அவ என்னைப் போன்னு சொல்லணும், ஷுலா. போகாதன்னே கேட்டு வளந்துட்டேன்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

அவன் நண்பர்கள் இருவர் டிக்கெட் எடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எந்த நாடு என்றாலும் சம்மதம். ஏஜென்ட் மே மாதத்து ஒரு வியாழக்கிழமை மூன்று மணி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை மூன்று வாரம். மூன்று வாரமும் ஜோர்ஜெட் தினம் காலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்பாள். சுட்டுவிரல் எழும்பும். காற்றில் அலையும். திரும்பவும் ஏப்ரன் பைக்குள் போகும். பிறகு பேனாவை எடுத்து இன்னொரு கோடு போடுவாள்.

அவள் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் நடு இரவில் எழுந்து ஜன்னலில் நிற்க ஆரம்பித்தேன். பிள்ளை பெறாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தினம் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பாத்திரம் துலக்குகிறவளின் பயம், ஒரே ஈரம் போல, நம் கைக்கும் வந்துவிடுகிறது.

புதன்கிழமை காலை அது நடந்தது. பாலும் இறைச்சியும் ஒன்றோடொன்று படக் கூடாது என்பது எங்கள் மத விதி; எங்கள் சமையலறையில் பாலுக்கு நீலக் கைப்பிடி, இறைச்சிக்குச் சிவப்புக் கைப்பிடி. கரண்டி, சட்டி, தொட்டி, துடைக்கும் துணி வரை தனித்தனி. புதிதாக வரும் பெண்கள் தப்புச் செய்வார்கள். ஜோர்ஜெட் முப்பது வருடத்தில் செய்ததில்லை. அன்று அவள் எண்பது பேருக்கான ரவைப் பால்கஞ்சியைச் சிவப்புக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். சமையல் முறையைக் கண்காணிக்கும் மதகுருவான ரபி கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவர் பார்த்தது கரண்டியைத்தான். நான் பார்த்தது அவள் முகத்தை. கண் கஞ்சியில் இல்லை. சாமான் அறைக் கதவில் இருந்தது.

கஞ்சியை அப்படியே கொட்டினோம். கரண்டியையும் அண்டாவையும் ரபி தனியே எடுத்து வைக்கச் சொன்னார். கிழவர்களுக்கு ரொட்டியும் ஜாமும் போனது.

"யார் இதைச் செஞ்சது?" என்றார் ரபி.

"நான்தான்" என்றார் மக்லூஃப். அவர் அப்போது அடுப்பு இருக்கும் பக்கமே இல்லை. உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. ஜோர்ஜெட்டை மகாராணி என்றும் கூப்பிடவில்லை. மக்லூஃப் சும்மா இருந்தால் சமையலறை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும்.

வியாழக்கிழமை இரண்டு மணிச் செய்தி தொடங்கும் நேரத்தில் ஓஷ்ரி பின்வாசல் வழியாக வந்தான். பெட்ரோல் பங்கின் சட்டையோடு. ஆறு பீப். ஜோர்ஜெட் குழாயை மூடினாள். இரண்டு செய்தி, மூன்று செய்தி, தக்காளி விலை. அவள் திறக்கவில்லை.

"அம்மா. மூணு மணிக்குச் சொல்லணும்."

அவள் ஈரக் கையோடு கதவருகே வந்தாள். நாங்களும் வந்தோம். படத்தில் வெள்ளையாக மிஞ்சியது கொஞ்சம்தான். மேலே ஒரு மூலையில் ஒரு தீவு, கீழே ஒரு மூலையில் இரண்டு தீவுகள், நடுவில் பெயர் தெரியாத துண்டுகள்.

"எதை மிச்சம் வெச்சிருக்க?" என்று கேட்டான் ஓஷ்ரி.

"இங்க ஒண்ணு இருக்கு" என்று மேல் மூலையைக் காட்டினாள், தொடாமல்.

"அது பனிம்மா. அங்க ஆளே கிடையாது."

"ஆள் இல்லேன்னா நல்லதுதானே. யார் என்ன பண்ணிட முடியும்?"

மக்லூஃப் இருமினார். ஓஷ்ரி சிரிக்கவில்லை. "சரி. விரலை வை. அங்கயே போறேன்."

அவள் விரல் போனது. பனித் தீவுக்கு ஒரு அரிசி அளவு தூரத்தில் நின்றது. அங்கே அவள் வெடியைக் கேள்விப்பட்டதில்லை, கவிழ்ந்த பஸ்ஸைக் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் அந்த அரிசி அளவு தூரத்தை அந்த விரலால் கடக்க முடியவில்லை. இத்தனை கோடும் நாடுகளுக்காகப் போட்டதல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்த நாடாக இருந்தாலும், காட்டுவது அவள் கை.

திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். சோப்பு வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஷுலா, நீ வை. உன் கை யாரையும் அனுப்பினதில்ல."

"அம்மா, அது உன் விரல் இல்ல" என்றான் ஓஷ்ரி.

"புடிச்சிருக்கிறது என் கைதானே. என் கைதான் வைக்குது." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

என் விரல் படத்தில் பட்டது. நீலம். ஏதோ ஒரு கடல். அவள் தள்ளுவாள் என்று காத்திருந்தேன். அவள் தள்ளவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். என் கை எங்கே போகிறதோ அங்கே போகட்டும் என்று அவள் கை கனத்துக் கிடந்தது.

நான் ஓஷ்ரியைப் பார்த்தேன். அவன் கண் படத்தில் ஒரு இடத்துக்குப் போனது. உடனே திரும்பி வந்தது. மூன்று வாரமாக அவன் பின்வாசலில் அம்மாவை அழைத்துப் போக வந்து நிற்கும்போதெல்லாம் அந்தக் கண் அங்கேதான் போகும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்ட இடம். எங்கள் கிழவர்கள் யாரும் ஓடி வராத நாடு. ஊர்க் கூடத்தில் சிரிப்பு எழுந்த அந்த நாடு.

என் விரலை நகர்த்தியது நான்தான்.

ஜோர்ஜெட் கண்ணைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இங்கயா?"

ஓஷ்ரி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு, "சரிம்மா. அங்கயே போறேன்" என்றான்.

அவள் என் மணிக்கட்டை விட்டாள். நான்கு விரல் தடம் சிவப்பாக இருந்தது. அவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தாள்.

பத்து நாள் கழித்து ஓஷ்ரி ஒரு தாளோடு என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். பயணக் காப்பீட்டுப் படிவம்.

"இதுல ஒரு கட்டம் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்னு. உன் நம்பரை எழுதட்டுமா?"

"அம்மா இருக்காளே."

"அம்மாகிட்ட இன்னொரு தடவை அந்நியர் யாரும் வந்து சொல்லக் கூடாது. நீ சொன்னா வேற."

"எனக்குப் போன்ல பேச வராது, ஓஷ்ரி. உனக்கே தெரியும்."

"பேச வேண்டாம். கேட்டுக்கிட்டா போதும்."

"ஏன் நான்?"

"நீதானே விரல் வெச்ச" என்றான். என் எண்ணை எழுதிக்கொண்டான்.

ஜூன் மாதத்தில் கிளம்பினான். ஜோர்ஜெட் பையில் வைத்த ஹரிஸா மிளகாய் விழுது இரண்டு பாட்டிலில் ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போனான். அதை அவள் சமையலறைக்குக் கொண்டுவந்து மக்லூஃபிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"உன் நம்பரைத்தானே எழுதிக் குடுத்திருக்கான்?"

"ஆமா."

"அன்னிக்கு என் கை தள்ளிச்சா, உன் கை போச்சா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். தெரியாது என்றாவது சொல்லலாம். அவள் இனி என்னோடு பேச மாட்டாளோ என்று பயந்தேன்.

"என் கை போச்சு."

அவள் ஒரு சட்டியைக் கழுவி, கவிழ்த்து வைத்து, அடுத்ததை எடுத்தாள். "நல்லது" என்றாள். அவள் தோள் கொஞ்சம் தாழ்ந்ததைப் பார்த்தேன். அந்தக் கனம் எங்கே போனது என்று எனக்கு உடனே தெரிந்தது. என் வலது கை அதற்குப் பிறகு எனக்கு லேசாக இல்லை.

"ஒண்ணு மட்டும், ஷுலா. போன் வந்தா என் கதவைத் தட்டாத. கீழ நின்னு பேர் சொல்லிக் கூப்பிடு. நான் ஜன்னல்ல பார்க்கிறேன். இந்த ஏப்ரனோடயே வா."

"நல்ல சேதின்னாலுமா?"

"நல்ல சேதின்னாலும்."

இப்போது அக்டோபர். ஓஷ்ரி பொலிவியாவில் இருக்கிறான். வாரம் ஒரு கடிதம் இல்லத்து அலுவலகக் கணினிக்கு வருகிறது, அதை அச்செடுத்துத் தருகிறார்கள். உலகப் படம் கதவிலேயே இருக்கிறது. ஜோர்ஜெட் அதில் புதிதாகக் கோடு எதுவும் போடவில்லை. செய்தி நேரத்தில் குழாயை மூடுகிறாள். என் போன் அடித்தாலும் மூடுகிறாள். பெரும்பாலும் என் அக்காதான், வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறாயா என்று கேட்பாள். ஜோர்ஜெட் வீட்டுக்குப் போனால் நான் கதவைத் தட்டுவதில்லை. கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். போனை ஏப்ரனின் வலது பையில் வைத்திருக்கிறேன். இன்று இதுவரை அடிக்கவில்லை.